கிராம சபை வேண்டாம் என்ற மனைப்பிரிவை ஊராட்சி ஏற்றே ஆக வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊரில் ஏரிக்குக் கீழே உள்ள 62 ஏக்கர் நஞ்சையை ஒரு நிறுவனம் வாங்கி, 600 மனைகளும் முகப்பில் அடுக்குமாடி வீடுகளும் கொண்டுவரப் போகிறது. அக்டோபர் 2 கிராம சபையில் ‘அனுமதி தரக் கூடாது’ என்று தீர்மானம் போட்டோம். ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ரோடு வரும், வீட்டு வரி வரும் என்கிறார்கள் ஒரு தரப்பினர். தலைவரோ, ‘டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி வந்துவிட்டது, தீர்மானத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது’ என்கிறார். வரைபடத்தில் ஏரி வாய்க்காலை 30 அடி சாலையாகக் காட்டியிருக்கிறார்கள். மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் நடத்தவில்லை. எங்கள் தீர்மானத்துக்கு மதிப்பே இல்லையா? நேரே உயர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது தீர்மானம் அல்ல, அந்த வாய்க்கால்தான். உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

தலைவர் சொன்னதில் பாதி சரி. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கிராம சபைக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கிறது. ஆனால், ஒரு மனைப்பிரிவை ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லால் நிறுத்தும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்கவில்லை. காரணம் எழுதாத தீர்மானத்தை நிறுவனம் எளிதாக எதிர்த்துவிடும். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். 202-ஆம் பிரிவின்படி ஊராட்சித் தீர்மானங்களை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அவருக்கு அதிகாரம் உண்டு. அதனால் முதல் வேலையாக அந்தத் தீர்மானத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். ‘பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால், அடுத்த கிராம சபையில் சர்வே எண், வாய்க்கால், பாசனம் பெறும் நிலங்கள், வெள்ளம் வடியும் பாதை எல்லாவற்றையும் சொல்லி மறுபடியும் பதிவு செய்யுங்கள். குறைவெண் வரம்பையும், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதையும், கவனியுங்கள். மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வரை வருகைப் பதிவில் கையெழுத்து இருக்க வேண்டும். நல்ல தீர்மானங்கள் இந்த ஒரு ஓட்டையால் வீணாவதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

தலைவர் சொல்லாமல் விட்ட பாதி இன்னும் முக்கியமானது. டிடிசிபி தருவது தொழில்நுட்ப அனுமதி. அதற்குப் பிறகு உள்சாலைகளையும், பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு விட வேண்டிய பொது ஒதுக்கீட்டு நிலத்தையும் நிறுவனம் ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு இறுதி ஒப்புதல் கொடுப்பது உங்கள் ஊராட்சிதான். ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்பவரின் கையெழுத்து இல்லாமல் இந்த மனைப்பிரிவு முழுமை பெறாது. தன் விருப்பத்துக்கு அவர் மறுக்க முடியாதுதான். ஆனால் வரைபடம் தரையோடு பொருந்தவில்லை என்றால் ஆட்சேபணை எழுதி டிடிசிபிக்குத் திருப்பி அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். அரசு வாய்க்காலை ‘சாலை’ என்று ஒரு தனியார் நிறுவனம் ஊராட்சிக்கே தானம் எழுதித் தருவது எந்த ஊர் நியாயம்? தனக்குச் சொந்தமில்லாததை யாராலும் தானம் செய்ய முடியாது.

அந்தப் பத்திரம் பதிவாகிவிட்டதா என்று இன்றே சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவாகாவிட்டால் உங்களுக்குக் காலம் இருக்கிறது. தானப் பத்திர வரைவு கிடைத்தால் பொது ஒதுக்கீட்டு நிலம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சாலைகளைக் கழித்த பரப்பில் 10 சதவீதம் ஊராட்சிக்கு வர வேண்டும். இவ்வளவு பெரிய திட்டத்தில் அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாகவே தர வேண்டும். சென்னைப் பெருநகரில் இருந்த இதே போன்ற விதிமுறை செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2023-இல் சொல்லிவிட்டது. சாலைக்கு 18 ஏக்கர் போனால் உங்கள் ஊருக்கு 4.4 ஏக்கர். நான் நடத்திய ஒரு வழக்கில், ‘பூங்கா’ என்று பச்சை வண்ணம் தீட்டிய இடத்தை நேரில் போய்ப் பார்த்தால் இடுப்பளவு தண்ணீர் நின்ற பள்ளம். மனையாக விற்க முடியாத துண்டு என்பதால் ஊருக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

இப்போது வாய்க்காலுக்கு வருவோம். கிராம நிர்வாக அலுவலரிடம், ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பாருங்கள். நில அளவைப் புல வரைபடத்தில், அதாவது எஃப்எம்பியில், வாய்க்கால் இரண்டு மெல்லிய இணைகோடுகளாகப் போகும். அதற்குத் தனி உட்பிரிவு எண் இருக்கும். ‘அ’ பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ‘சர்க்கார் புறம்போக்கு – வாய்க்கால்’ என்று இருந்தால், வழக்கின் பெரும்பகுதி உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்நிலைகளை வீட்டு மனைக்குக் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஓடை, வாய்க்கால் ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் உத்தரவிட்டது. ஒருவேளை பட்டா நிலத்துக்குள் ஓடும் வாய்க்காலாக இருந்தால் வாதம் கொஞ்சம் கடினம். அப்போது கடைமடை விவசாயிகளின் பாசன உரிமையை முன்வைக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று, வட்டாட்சியர் அறிக்கை, நஞ்சையை மனையாக மாற்றியதற்கான கோப்பு ஆகிய மூன்றும் கேளுங்கள். முழுமைத் திட்டத்துக்கு (மாஸ்டர் பிளான்) வெளியே உள்ள பகுதி என்றால், 2017 விதிகளின்படி ஆட்சியரின் இசைவும் வேளாண் துறையின் கருத்தும் இருந்தாக வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘வாய்க்கால் எதுவும் இல்லை’ என்று அந்தச் சான்றுகளில் யாராவது எழுதியிருந்தால், அனுமதியே தவறான தகவலின் மேல் நிற்கிறது என்று வாதாடலாம்.

கருத்துக்கேட்புக் கூட்டம் பற்றி ஒரு கசப்பான உண்மை. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டுமானத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். 600 குடும்பங்கள் குடிவரப் போகும் ஊரில் யாரையும் கேட்காமல் விடுவது எனக்கு ஏற்பில்லை. ஆனால் இந்த வாதத்தை மட்டும் நம்பி நீதிமன்றம் போகாதீர்கள். கேட்க வேண்டியது, சுற்றுச்சூழல் அனுமதி வாங்கினார்களா என்பது. உங்கள் 62 ஏக்கர் சுமார் 25 ஹெக்டேர்தான், நிலப்பரப்பை வைத்து அந்த அனுமதி கட்டாயமாகும் 50 ஹெக்டேர் வரம்பை எட்டாது. ஆனால் அடுக்குமாடிகளின் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் அனுமதி கட்டாயம். வாங்கியிருந்தால் அதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 30 நாளில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். ‘அதிகாரிகளிடம் மனு கொடுத்தீர்களா?’ என்பதுதான் அங்கே முதல் கேள்வி. டிடிசிபி, ஆட்சியர், நீர்வளத்துறை, ஊராட்சி நால்வருக்கும் ஆவண நகல்களோடு பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 79-ஆம் பிரிவில் மேல்முறையீட்டு வழியும் இருக்கிறது, காலக்கெடு உள்ளது என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

ரோடும் வரியும் கேட்கும் உறுப்பினர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கேட்பதும் ஊருக்குத்தான். வாய்க்காலை விட்டுவிட்டு, 4.4 ஏக்கரை நல்ல மேட்டில் தந்து, வடிகாலும் சரியாகப் போட்டால் இந்தத் திட்டத்தை எதிர்க்கச் சட்டத்தில் பெரிய காரணம் இருக்காது என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. அந்த நிபந்தனைகளோடு இரு தரப்பும் சேர்ந்து ஊராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் போட முடிந்தால், கிராம சபைத் தீர்மானத்தைவிட அது நிறுவனத்தைக் கட்டிப்போடும்.

வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள், அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது தேதியும் இடமும் தெரியும்படி படம், வீடியோ எடுத்து வையுங்கள். ஜேசிபி இறங்கிய பிறகு அப்படியொரு சாட்சி கிடைக்காது.