புது சபையில் நமக்கொரு இடம்: கேள்வி பதில்

தோத்திரம். சென்னையில் 31 வருடமாக ஒரே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொருளாளராக இருந்து ஓய்வு பெற்றாயிற்று. புது சபைக்குப் போகிறவர்கள் கேளுங்கள். சி.எஸ்.ஐ. பற்றி மட்டும்.

அக்கா, வேலைக்காகத் தாம்பரம் வந்தேன். ஆறு மாதமாக ஒரே சபைக்குப் போகிறேன், ஒருவரும் பேசுவதில்லை. ஆசீர்வாதம் சொன்னதும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அந்த பைக்தான் தம்பி பிரச்சினை. ஆராதனையில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். பேச்செல்லாம் அதற்கப்புறம் இருபது நிமிடம், வேப்பமரத்தடியில். அந்த நேரத்தில் நீங்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிறீர்கள்.

நின்றுகொண்டே இருப்பதும் சங்கடம்தான், தெரியும். அதனால் கைக்கு ஒரு வேலை வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் ஆலயப் பண்டிகை என்றால் அசனம் உண்டு. வீடு வீடாக அரிசியும் காசும் பிரித்து, முந்தின ராத்திரியே அடுப்பு மூட்டி, மறுநாள் ஊரே தரையில் பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும். நான் சென்னை வந்த புதிதில் இங்கேயும் ஒரு சின்ன அசனம் வைத்தார்கள். ஓரமாக நின்ற என்னிடம் ஒரு பெரியம்மா, பெயர்கூடக் கேட்காமல், ஒரு கூடை சின்ன வெங்காயத்தைத் தள்ளிவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிய இரண்டு மணி நேரம் உரித்தேன். அடுத்த ஞாயிறு பதினைந்து பேர் என்னை "வெங்காயம்" என்று கூப்பிட்டார்கள். இன்றைக்கும் இரண்டு பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நீங்களும் பாடகர் குழுவோ பிள்ளைகளுக்கான ஓய்வுநாள் பள்ளியோ பந்தி பரிமாறுவதோ, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் இரண்டு வருடம் கமிட்டிப் பக்கம் போகாதீர்கள். தேர்தல் வருகிற வருடம் உங்கள்மேல் திடீரென்று அன்பு பொழியும். அது ஓட்டுக்கான அன்பு.

சென்னையில் எந்த சபை நல்லது?

உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடியது.

நான் மெத்தடிஸ்ட் குடும்பம். சேர்த்துக்கொள்வார்களா?

சி.எஸ்.ஐ.யே அப்படிச் சேர்ந்து உருவானதுதானே. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாரும் ஒன்றானார்கள். பழைய சபை ஆயரிடம் (போதகரிடம்) ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், போதும்.

நான் திருநங்கை. சின்ன வயதில் ஞானஸ்நானம், பிறகு திருவிருந்தில் சேரத் திடப்படுத்தல் எல்லாம் ஆயிற்று. பதினோரு வருடமாக ஆலயம் போகவில்லை. போனால் எந்தப் பக்கம் உட்காருவது என்பதே பயமாக இருக்கிறது அக்கா.

வா தங்கச்சி. எங்கள் சபையில் ஆண் பக்கம், பெண் பக்கம் என்பது முன்வரிசைகளில் மட்டும்தான். பின்னால் குடும்பங்கள் கலந்தே உட்காரும். முதல் நாள் தனியாகப் போகாதே, தெரிந்த ஒரு பெண்ணோடு போய் அவள் பக்கத்தில் உட்கார். எல்லாரும் நல்லபடி நடந்துகொள்வார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். திரும்பிப் பார்ப்பார்கள். ஆயரிடம் முன்கூட்டியே பேசி, "அப்பமும் திராட்சை ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு வருவேன், என்னை இந்தப் பெயரில் கூப்பிடுங்கள்" என்று சொல். அவர் இழுத்தடித்தால் அடுத்த சபையைப் பார். அவருக்காக நீ காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அப்போஸ்தலர் 8இல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியரை நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "மந்திரி" என்றே சொல்லிக்கொண்டு போகும். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அண்ணகன், அதாவது விதை நீக்கப்பட்டவர், என்று பொருள். ஐம்பது வயது வரைக்கும் எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை. ஏசாயா 56ஐயும் அதோடு சேர்த்து வாசி. அண்ணகன் தன்னைப் பட்டமரம் என்று சொல்ல வேண்டாம் என்று அங்கே வருகிறது.

புதிதாகப் போனால் "சொந்த ஊர் எது, யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்கிறார்களே, ஏன்?

பாதிப் பேர் பாசத்தில் கேட்கிறார்கள். மீதிப் பேர் சாதி தெரிந்துகொள்ள.

எங்கள் சபையில் சாதியே கிடையாது. ஏன் இதையெல்லாம் கிளறுகிறீர்கள்?

சந்தோஷம். உங்கள் சபையில் கடைசியாக ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசித்த இருபது கல்யாணங்களை எண்ணிப் பாருங்கள். எத்தனை கல்யாணம் சாதி விட்டுச் சாதி?

அது பெற்றோர் விருப்பம். ஆலயத்தில் எல்லாரும் ஒன்றாகத்தானே உட்காருகிறோம்?

இப்போது உட்காருகிறோம். தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனி இடம். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டதும் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஆட்கள் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். நாம் உருகி உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்கூட சாதி வழக்கத்தை விட முடியாது என்று மிஷனரிகளோடு வாதாடியவர்.

சாஸ்திரியாரை இழுக்காதீர்கள். அவர் பாட்டில்லாமல் நம் கல்யாணமே இல்லை.

நானும் பாடுகிறேன் சார், இனியும் பாடுவேன். பாட்டு நன்றாக இருப்பதால் வாதம் சரியாகிவிடாது. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பெஞ்சைப் பார்க்காதீர்கள், கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைக்கு நடுவே சுவர் எழுப்பியிருந்தார்கள். செத்தவர்களுக்கு நடுவே சுவர்!

அது கத்தோலிக்கர். நாம் சி.எஸ்.ஐ.

சி.எஸ்.ஐ. பற்றி மட்டும் என்று சொன்னது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஓலைக் கணக்கு என்ன ஆயிற்று? அதை முதலில் சொல்லுங்கள்.

மதம் மாறினால் எஸ்.சி. சான்றிதழ் போய்விடுமா?

1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர்களுக்கு மட்டும்தான் எஸ்.சி. தகுதி. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இதில் வரவில்லை. உங்கள் விவகாரத்தை ஒரு வக்கீலிடம் கேளுங்கள், ஆயரிடம் கேட்காதீர்கள்.

என் கணவர் இந்து. என்னோடு வந்தால் திருவிருந்து நேரத்தில் என்ன செய்வது?

ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர்களுக்குத்தான் அப்பமும் திராட்சை ரசமும். அவர் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். முன்னால் வந்து முழங்காலில் நின்றால் தலையில் கைவைத்து ஜெபிக்கிற ஆயர்களும் உண்டு, ஒரு வாரம் முன்னால் கேட்டு வையுங்கள். அசனத்துக்கு இந்தக் கேள்வியே இல்லை, இலை போட்டால் உட்கார வேண்டியதுதான்.

அம்மா சக்கர நாற்காலியில் வருவார். என்ன பார்க்க வேண்டும்?

சாய்தளம் இருக்கிறதா என்பதோடு, அதன்மேல் ஞாயிற்றுக்கிழமை யாருடைய ஸ்கூட்டர் நிற்கிறது என்றும் பாருங்கள். திருவிருந்தை அவர் இடத்துக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள், கோயில்குட்டியிடம் (ஆலயப் பணியாளரிடம்) முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த சபை நல்லது என்று சொல்லுங்கள் அக்கா.

மேலே வாசியுங்கள்.

கமிட்டியில் நிற்கச் சொல்கிறார்கள். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

வேண்டாம். வெங்காயம் உரியுங்கள்.

ஓலையை எண்ணிப் பார்த்தேன். இருபதில் ஒன்று.

அந்த ஒரு ஜோடியை அடுத்த ஞாயிறு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள் சார். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, நான் வருகிறேன்.