ஃபார்மட் அடித்தும் போகாத வைரஸ்: பள்ளத்தூர் ஆச்சிக்கு ஒரு பதில்

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார். வீட்டில் இருப்பது விண்டோஸ் 7 போட்ட பழைய அசெம்பிள்ட் கணினி. 2 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதில் சி, டி, ஈ என்று மூன்று டிரைவ். பென் டிரைவைச் செருகினால் உள்ளே இருக்கிற ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிடுகிறது, பிரவுசரைத் திறந்தால் கூகுளுக்குப் பதிலாக ஏதோ ஒரு தேடுபக்கம் வந்து நிற்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறக்கப் போனால் நிர்வாகி தடுத்திருக்கிறார் என்று செய்தி வருகிறதாம். "இந்த வீட்டுக்கு நிர்வாகியே நான்தான் தம்பி, நான் ஒன்றையும் தடுக்கவில்லை" என்கிறார். கடையிலிருந்து ஆள் வந்து இரண்டு தடவை ஃபார்மட் செய்தும் சில வாரங்களில் பழையபடி ஆகிவிட்டது. படைப்புக் (முன்னோர் வழிபாட்டு) கணக்கு, கோயில் புள்ளி (குடும்பங்களின் பதிவு) விவரம், பிள்ளைகள் கல்யாணப் படங்கள், காலமான செட்டியார் தட்டச்சு செய்த கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான். வைரஸ் மதர்போர்டுக்குள்ளேயே போய்விட்டது, புதுக் கணினி வாங்கிவிடுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

இதற்காக வாங்க வேண்டாம் ஆச்சி. மதர்போர்டின் (கணினியின் தாய்ப்பலகை) சிப்பில் போய் உட்காரும் வைரஸ் உலகத்தில் இல்லாமல் இல்லை, 2018-இல் லோஜாக்ஸ் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், ஆனால் அது அரசு அலுவலகங்களைக் குறிவைத்து விட்ட வேலை. உங்கள் வீட்டுப் படைப்புக் கணக்குக்காக யாரும் அவ்வளவு சிரமப்பட மாட்டார்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் சாதாரணமான, பழைய வகை வைரஸ்களுடையவை. அது திரும்பி வரவும் இல்லை. முதலிலேயே முழுசாகப் போகவில்லை, அவ்வளவுதான்.

எப்படி என்றால், நம் பக்கம் ஃபார்மட் என்றால் சி டிரைவை மட்டும் அழித்துப் புது விண்டோஸ் போடுவதுதான். டி-யிலும் ஈ-யிலும் உங்கள் ஃபைல்கள் இருப்பதால் அதைத் தொட மாட்டார்கள், நீங்களும் தொட விட மாட்டீர்கள். ராம்னிட், சாலிட்டி மாதிரியான வைரஸ்கள் இஎக்ஸ்இ ஃபைல்களுக்குள்ளேயே (கிளிக் செய்தால் ஓடும் புரோகிராம்கள்) தங்களை எழுதிவைத்துக்கொள்ளும் ரகம், ராம்னிட் வலைப்பக்க ஃபைல்களைக்கூட விடாது. டி டிரைவில் "சாஃப்ட்வேர்" என்று ஒரு ஃபோல்டரில் பிரிண்டர் டிரைவர், பழைய பிளேயர், தமிழ் டைப்பிங் மென்பொருள் என்று சேர்த்துவைத்திருப்பீர்கள் இல்லையா, புது விண்டோஸ் போட்டதும் ஆள் முதலில் செய்வது அதிலிருந்து ஒன்றை இரட்டைக் கிளிக் செய்வதுதான். அந்த நிமிஷமே கதை முடிந்தது.

அது ஒரு வழி. இன்னொன்று, நிறையப் பேர் யோசிக்காதது, பிரவுசர். குரோமில் உங்கள் ஜிமெயிலைப் போட்டு உள்ளே நுழைந்து சிங்க் (அமைப்புகளைக் கணக்கிலேயே சேமித்துவைக்கும் வசதி) வைத்திருந்தால், பழைய கணினியில் ஒட்டிக்கொண்டிருந்த கெட்ட எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரில் சேர்க்கும் குட்டிப் புரோகிராம்) மாற்றிவைத்த தேடுபக்கமும் கூகுள் கணக்கு வழியாகவே புது விண்டோஸுக்கு வந்து இறங்கிவிடும். ஃபார்மட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கைபேசியிலும் அதே வைஃபையில் அதே மாதிரி விளம்பரப் பக்கங்கள் வருகிறதா என்று பாருங்கள். மொபைல் டேட்டாவில் வராமல் வைஃபையில் மட்டும் வந்தால் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸையே (தளத்தின் பெயரைச் சொன்னால் முகவரியைக் காட்டும் அமைப்பு) யாரோ மாற்றியிருக்க வாய்ப்பு உண்டு. அப்போது இணைப்புக் கொடுத்தவரை அழைத்து ரவுட்டரை ரீசெட் செய்து கடவுச்சொல்லையும் மாற்றச் சொல்லுங்கள். நீங்களாகவே குத்தி ரீசெட் செய்துவிட்டால் சில ரவுட்டரில் இணைப்பு விவரங்களும் சேர்ந்து போய்விடும்.

மூன்றாவது வழியைச் சொன்னால் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. காசு கொடுக்காத விண்டோஸை உண்மையானது என்று நம்பவைக்க ஆக்டிவேட்டர் என்று ஒன்றை ஓட்டுவார்கள், அதை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். எங்கிருந்து இறக்கினது என்றே தெரியாத ஒரு புரோகிராமுக்கு நிர்வாகி உரிமையைக் கொடுத்துவிட்டு அப்புறம் வைரஸ் எப்படி வந்தது என்று கேட்பது நியாயமா சொல்லுங்கள். ஊர் ஊராக, வீடு வீடாகச் செருகப்படும் அந்த ஆளின் பென் டிரைவும் இதே கணக்கில்தான் சேரும்.

பென் டிரைவ் ஷார்ட்கட் விஷயம் இது. செருகினவுடனே தானாக ஓடும் ஆட்டோரன் வசதியை 2011-இல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் முடக்கிவிட்டது, விண்டோஸ் 7-இல் பென் டிரைவுக்கு அது ஆரம்பத்திலிருந்தே கிடையாது. அதனால் வைரஸ் எழுதுகிறவர்கள் நம்மையே கிளிக் செய்யவைக்கும் வழிக்குப் போனார்கள். உங்கள் ஃபோல்டரைச் சிஸ்டம் ஃபைல் என்று அடையாளம் போட்டு ஒளித்துவிட்டு, அதே பெயரில், அதே படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். நீங்கள் திறந்தால் வைரஸையும் ஓட்டும், நிஜ ஃபோல்டரையும் திறந்து காட்டும், ஆகையால் சந்தேகம் வராது. ஃபைல்கள் அழியவில்லை, பயப்படாதீர்கள். அந்தப் பென் டிரைவை மட்டும் யாரோ சொன்னார்கள் என்று அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

சரி, என்ன செய்வது. ஆன்டிவைரஸ் போட்டு உள்ளிருந்தே சுத்தம் செய்ய முடியாதா என்றால், விளம்பர வைரஸ் மட்டும் என்றால் முடியும். அவசியமானவற்றை மட்டும் ஓட்டும் சேஃப் மோடில் போய் (விண்டோஸ் 7-இல் ஆன் செய்யும்போது எஃப்8) மால்வேர்பைட்ஸ் போன்ற ஒரு வைரஸ் நீக்கியை ஓட்டலாம். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் டாஸ்க் மேனேஜரையே பூட்டிவைத்து, இரண்டு முறை பிழைத்து நிற்கிற கணினியில் நான் அந்த வேலையில் நேரம் போக்க மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் ஸ்கேன் செய்கிறவனுக்கே பொய் சொல்லும். அதை ஓடவே விடாமல் வெளியிலிருந்து உள்ளே போவதுதான் வழி, அதற்கு லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை ஓட்டும் இலவச இயங்குதளம்.

பேரன் பேத்தி யாராவது ஊருக்கு வரும்போது, அவர்களுடைய நல்ல லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இறக்கச் சொல்லுங்கள், ஏறக்குறைய 3 ஜிபி வரும். 8 ஜிபி பென் டிரைவ் புதிதாக ஒன்று வாங்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் அதில் ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் கணினியின் நெட் கேபிளைக் கழற்றிவிட்டு இந்தப் பென் டிரைவைச் செருகி ஆன் செய்யும்போது பூட் மெனு (எதிலிருந்து கணினி தொடங்க வேண்டும் என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்ட வேண்டும். ஜிகாபைட் போர்டு என்றால் எஃப்12, ஆசுஸ் என்றால் எஃப்8, எம்எஸ்ஐ என்றால் எஃப்11. ஹார்ட் டிஸ்கில் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே மின்ட் ஓடும். 2 ஜிபி ராமில் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், காபி குடித்துவிட்டு வாருங்கள்.

அங்கே போய் டி, ஈ டிரைவ்களைத் திறந்தால் ஒரு வேடிக்கை பார்ப்பீர்கள். விண்டோஸ் ஒளித்துவைத்த ஃபோல்டர்கள் எல்லாம் சாதாரணமாகத் தெரியும், லினக்ஸ் அந்த அடையாளத்தை மதிப்பதில்லை. ஷார்ட்கட் ஆன பென் டிரைவையும் இங்கேயே செருகுங்கள், சில சமயம் உங்கள் ஃபைல்கள் எல்லாம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும், அதையும் திறந்து பாருங்கள். ஃபோல்டர் படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததெல்லாம் உண்மையில் ஷார்ட்கட் அல்லது இஎக்ஸ்இ ஃபைல் என்பதும் இங்கே அம்பலமாகும். விண்டோஸ் வைரஸ் இங்கே ஓடாது, தைரியமாகப் பாருங்கள்.

இப்போது ஒரு புது வெளி ஹார்ட் டிஸ்குக்குப் படங்கள், வீடியோ, எக்செல், வேர்ட், பிடிஎஃப் இவற்றை மட்டும் நகலெடுங்கள். இஎக்ஸ்இ, ஷார்ட்கட், விபிஎஸ் என்று முடியும் எதுவும் வேண்டாம், அந்த "சாஃப்ட்வேர்" ஃபோல்டர் முழுசாகவே வேண்டாம். எல்லாம் பிற்பாடு இணையத்தில் கிடைக்கும். செட்டியாருடைய கடிதங்கள் விஷயத்தில் மட்டும் கவனம். அவை யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கருவியிலும் தமிழைக் காட்டும் பொது முறை) முந்தைய காலத்தில் பாமினி மாதிரி ஒரு எழுத்துருவில் அடித்தவையாக இருந்தால், ஃபைலைக் காப்பாற்றி எழுத்துருவை விட்டுவிட்டால் திறந்து பார்க்கும்போது வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும், வைரஸ் கெடுத்துவிட்டது என்று அழுவீர்கள். அதனால் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் அப்படியே சேர்த்து எடுங்கள். பின்னால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவைத்துவிட்டால் பேரன் பேத்திகள் கைபேசியிலேயே படிப்பார்கள். எடுத்ததைப் பேரனின் லேப்டாப்பில் ஒரு தடவை ஸ்கேன் செய்துவிடுங்கள். படங்களும் கணக்கும் சரியாகத் திறக்கின்றனவா என்று ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்தைப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்த வேலை, ஹார்ட் டிஸ்கில் உள்ள மூன்று டிரைவையும், பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) என்று ஒன்றுகூட மிச்சமில்லாமல் அழிப்பது. சி மட்டும் போதும் என்று ஆள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டில் கிடக்கிற பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் அதே நாளில் மின்ட்டில் வைத்து, வேண்டியதை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்துவிடுங்கள். ஒன்றை விட்டாலும் அந்த ஒன்றுதான் வரும்.

அப்புறம் எதைப் போடுவது? விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு முடிந்தது. குரோமும் 2023-இல் அதைக் கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 உங்கள் கணினியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். என் அபிப்பிராயம், அந்த மின்ட்டையே நிறுவிவிடுங்கள், கூடவே 4 ஜிபி ராமும் சின்ன எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பு) போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும். எக்செல் கணக்கு லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறக்கும். டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் சிக்கல், அதற்கு விண்டோஸ்தான் வேண்டும், அப்போது கடைக்காரர் சொன்ன புதுக் கணினியை யோசிக்கலாம்.

கடவுச்சொற்களை மறக்காதீர்கள். அந்தக் கணினியில் அடித்த எல்லாமே வெளியே போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு, மெயில், வங்கி இரண்டையும் கைபேசியிலிருந்து இன்றைக்கே மாற்றுங்கள், கணினியை சுத்தம் செய்கிறவரை காத்திருக்க வேண்டாம். மெயிலில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் அழுத்துங்கள். குரோமில் சிங்க்கைத் திரும்ப இணைக்கும் முன் கூகுள் கணக்கில் சேமித்திருக்கும் சிங்க் தரவை அழித்துவிடுங்கள். வங்கியில் காசு குறைந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்கு இனி பென் டிரைவைக் கொண்டுபோக வேண்டாம், அங்கே நாள் முழுக்க ஊரார் பென் டிரைவ் எல்லாம் செருகுகிறார்கள். வாட்ஸாப்பிலோ மெயிலிலோ பிடிஎஃப் அனுப்பினால் எடுத்துக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, மின்ட்டை நிறுவும் முன், பென் டிரைவில் ஓடும்போதே உங்கள் பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். பெரும்பாலான எச்பி பிரிண்டர்கள் தகராறு செய்யாது. வீட்டுக்கு வீடு இருக்கிற கேனான் எல்பிபி 2900 என்றால் லினக்ஸில் படுத்தி எடுக்கும். அதுதான் உங்களிடமும் இருக்கிறது என்றால் எழுதுங்கள், அதற்குத் தனியாகச் சொல்கிறேன்.