ஏரியில் வெளிநாட்டு மீன்: கேள்விகளும் பதில்களும்

வலையில் "விசித்திர மீன்" சிக்கியது என்று படங்களோடு நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. நான் நன்னீர் மீன்கள் பக்கம் வேலை பார்ப்பவன். அணை, ஏரி, குளம், ஆறு என்றால் விரிவாகச் சொல்கிறேன். கடல் மீன் என்றால் சுருக்கமாகத்தான்.

கேள்வி (தாம்பரம்): சார், ஏரியில் தூண்டில் போட்டபோது கறுப்பாக ஒன்று மாட்டியது. உடம்பெல்லாம் ஓடு மாதிரி கெட்டி, வாய் அடிப்பக்கம். விஷ மீனா?

விஷம் இல்லை. சக்கர் மீன். மீன் தொட்டிக் கடையில் "டேங்க் கிளீனர்" என்று விரல் நீளத்தில் விற்பார்கள். வாங்கியவர் வீட்டில் அது ஒரு அடியைத் தாண்டி வளரும், தொட்டி முழுக்கக் கழிவாகும், ஒரு நாள் பக்கத்து ஏரிக்குப் போய்விடும். அமேசான் படுகையின் மீன் தாம்பரத்துக்கு வந்த வழி இவ்வளவுதான்.

அது இங்கே நிலைத்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பை வழியாகவே சுவாசிக்கும். மற்ற மீன்கள் செத்து மிதக்கிற சாக்கடைத் தண்ணீரிலும் இது பாட்டுக்குப் பாசியையும் அடிமண் கழிவையும் சுரண்டித் தின்றுகொண்டிருக்கும். ஓடு கெட்டி என்பதால் விராலோ கொக்கோ எளிதில் தொடாது. கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் இதை விழுங்கிய கூழைக்கடாக்கள் துடுப்பு முள் தொண்டையில் சிக்கிச் செத்திருக்கின்றன. ஆண் மீன் கரையில் கை நுழையும் அளவுக்கு வளை தோண்டி உள்ளே முட்டைகளைக் காவல் காக்கும். ஒரு மீட்டர் ஆழம் வரை போகும். கரை முழுக்க இப்படி ஓட்டை விழுந்தால் மழையில் மண் சரியும். மெக்சிகோவின் இன்ஃபியர்னியோ அணையில் வலை நிறைய இதுவே ஏறி மீன்பிடித் தொழிலே படுத்துவிட்டது. நம் ஊர் வலைக்காரர்களைக் கேளுங்கள்: முள்ளில் பின்னிக்கொண்டால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். கரையில் போட்டுவிட்டுப் போனாலும் போதாது. ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும், கொஞ்சம் துள்ளித் தண்ணீருக்கே போய்விடும். தலையில் ஓங்கி அடித்து, செத்ததை உறுதி செய்துவிட்டுப் புதையுங்கள்.

கேள்வி (போரூர்): அதே மீன்தான் எங்கள் ஏரியிலும். சமைக்கலாமா?

அமேசான் பக்கம் சாப்பிடுகிறார்கள். நல்ல தண்ணீரில் வளர்ந்த மீன் என்றால் தடையில்லை. கூவம், அடையாறு போலச் சாக்கடை கலக்கும் நீரில் பிடித்ததை வேண்டாம். அடிமண்ணைத் தின்கிற மீன், அந்த மண்ணில் இருப்பதெல்லாம் அதன் உடம்பிலும் இருக்கும்.

கேள்வி (மதுரை): சந்தையில் பிரானா விற்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது. உண்மையா?

பெரும்பாலும் அது பாக்கு என்ற மீன். பண்ணைக்காரர்கள் ரூப்சந்த் என்பார்கள், கேரளத்தில் நட்டர். இதுவும் தென் அமெரிக்க மீன், பிரானாவுக்கு உறவு. வாயைத் திறந்து பாருங்கள். பல் முக்கோணமாக, ரம்பம் மாதிரி இருந்தால் பிரானா. சதுரமாக, நம் கடைவாய்ப் பல் போல இருந்தால் பாக்கு. கொட்டை உடைத்துத் தின்ன அமைந்த பல் அது. ஆளைக் கடித்துக் குதறும் என்ற பயம் வேண்டாம். ஆனால் பண்ணைக்குட்டை உடைந்து ஆற்றுக்குப் போனால் அது இன்னொரு புது விருந்தாளி, அந்தக் கவலை நியாயமானது.

கேள்வி (பாலக்காடு): அண்ணா, 2018 வெள்ளத்துக்குப் பிறகு இங்கே ஆற்றில் ஆள் உயர மீன் பிடித்தார்கள். எப்படி வந்தது?

அரபைமா. அமேசானின் மிகப் பெரிய மீன்களில் ஒன்று. முழுதாக வளர்ந்தால் 3 மீட்டரைத் தொடும். அந்த ஆகஸ்ட் வெள்ளத்தில் பண்ணைகளும் அலங்கார மீன் குளங்களும் மூழ்கியதால் வெளியேறியவை சாலக்குடி ஆறு போன்ற இடங்களில் வலையில் ஏறின. முதலை வாய் கொண்ட அலிகேட்டர் கார் மீனும் கூடவே கிடைத்தது. வெள்ளம் வருகிற தாழ்நிலத்தில் இந்த மாதிரி மீனைத் திறந்த குளத்தில் வைத்திருப்பதே தவறு. சொந்தக் குளத்தில்தானே வளர்க்கிறேன் என்று யாராவது சொன்னால், மழைக்காலத்தில் அந்தக் குளத்துக்குக் கரை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி (ராமேஸ்வரம்): லயன்ஃபிஷ் ஆக்கிரமிப்பு மீன் என்று படித்தேன். இங்கேயும் பார்க்கிறோமே, கொல்ல வேண்டுமா?

வேண்டாம். நம் கடல் அதன் சொந்த வீடு. அட்லாண்டிக்கில்தான் அது வந்தேறி. ஃபுளோரிடாவில் 1985இல் முதலில் கண்டார்கள். முள்ளில் விஷம் உண்டு, கை வைக்காதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): ஒருவர் ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு மலிவாகத் தருகிறார். பண்ணைக்குட்டையில் விடலாமா?

கூடாது. இந்தியாவில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது. தேளி என்று சொல்லி விற்பார்கள், ஏமாறாதீர்கள். கோழிக் கழிவைப் போட்டே வளர்த்துவிடலாம் என்பதுதான் அவர்கள் காட்டும் ஆசை. மழை இரவில் ஈர மண்ணில் ஊர்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். போன இடத்தில் அயிரை, ஆரால், விரால் குஞ்சு, தவளை எதையும் விட்டுவைக்காது. நம் நாட்டுக் கெளுத்தி, உண்மையான தேளி இரண்டும் இப்போதே அருகி வருகின்றன.

கேள்வி (ஆவடி): ஓடு மாதிரி உடம்பு, கறுப்பு நிறம், இது என்ன மீன்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (உடுமலை): ஐயா, நாங்கள் அமராவதி அணையில் பங்குக்கு மீன் பிடிக்கிறவர்கள். ஜிலேபியும் வெளிநாட்டு மீன்தான், அழிக்க வேண்டும் என்கிறார்கள். அதை அழித்தால் நாங்கள் எதைப் பிடிப்பது?

இதே கேள்விக்கு எதிர்க்கேள்விகளும் வந்திருக்கின்றன. கோவை நண்பர் "வந்தேறி என்றால் வந்தேறிதான், விஷம் வைத்தாவது ஒழிக்க வேண்டும்" என்கிறார். திருச்சிக்காரர் "அப்படியானால் கட்லாவும் ரோகுவும் காவிரி மீனா?" என்று மடக்குகிறார். மூவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஜிலேபி ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன். 1952இல் இலங்கை வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். மலிவாகப் புரதம் கிடைக்கும் என்று குளங்களிலும் அணைகளிலும் விட்டார்கள். தாய் முட்டையை வாயில் வைத்தே பொரிக்கும். குஞ்சு வெளியே வந்த பிறகும் ஆபத்து என்றால் திரும்ப வாய்க்குள் ஓடும். அதனால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். உள்ளங்கை அளவிலேயே இனப்பெருக்கம் தொடங்கிவிடும். கூட்டம் பெருகினால் இரை போதாமல் எல்லாமே சிறுத்துப்போகும். அமராவதி, வைகை, கிருஷ்ணகிரி அணைகளில் வலையை நிறைத்தது இந்த வகைதான்.

திருச்சிக்காரர் சொல்வது சரி. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். காவிரியில் நாம்தான் விட்டோம், இன்னமும் ஆண்டுதோறும் விடுகிறோம். அயல் மீன் என்றால் கடல் தாண்டி வந்தது மட்டும் அல்ல. காவிரியில் மட்டுமே வாழும் திமில் மஹசீரைப் பாருங்கள். 2018இல்தான் அதன் அறிவியல் பெயர் உறுதியானது, அதற்குள் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. அதன் இடத்தைப் பிடித்தது வடக்கே வேறு படுகையிலிருந்து, நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து விட்ட இன்னொரு மஹசீர். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வயிறெரிகிறது. இரண்டும் மஹசீர்தானே என்று இருந்துவிட்டதால் கேட்க நாதியில்லாமல் போய்விட்டது.

கோவை நண்பருக்கு: விஷம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2002இல் அமெரிக்காவின் மேரிலாண்டில், கிராஃப்டன் என்ற ஊரின் குளத்தில் நம் விராலின் சீன உறவு மீன் பெருகியது. உயிரோடு வாங்கிய இரண்டு மீனை ஒருவர் அதில் விட்டிருந்தார். குளத்துக்கே மருந்து போட்டு எல்லாவற்றையும் கொன்றார்கள். அது நாலு ஏக்கர் குளம், முடிந்தது. 2004இல் அதே மீன் பொட்டோமாக் ஆற்றில் கிடைத்தது, இன்று அங்கே நிலைத்துவிட்டது. குடிநீரும் பாசனமும் நம்பியிருக்கிற அணையில் மருந்துப் பேச்சே எடுக்கக் கூடாது.

உடுமலை அண்ணாச்சிக்கு: பயப்படாதீர்கள். ஜிலேபியை இனி யாராலும் ஒழிக்க முடியாது. உங்கள் வலைதான் அதற்கு இருக்கிற ஒரே கட்டுப்பாடு, பிடித்துக்கொண்டே இருங்கள். நான் எதிர்ப்பது இன்னும் ஜிலேபி ஏறாத கண்மாயில், மலை ஓடையில் புதிதாகக் கொண்டுபோய் விடுவதை.

மறுபடியும் கோவை நண்பர்: அப்படியானால் அரசாங்கமே கிஃப்ட் திலாப்பியா (வேகமாக வளரும்படி மேம்படுத்திய ஜிலேபி வகை) வளர்க்க அனுமதிக்கிறதே?

உரிமம் வாங்கி, எல்லாம் ஆண் குஞ்சுகளாக, வரும் வழியிலும் போகும் வழியிலும் சல்லடை வலை கட்டி வளர்க்க வேண்டும் என்பது விதி. விதிப்படி நடக்கும் பண்ணையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சல்லடை கட்டாத பண்ணையைப் பார்த்தால் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். இந்த விவாதத்தை இங்கே முடித்துக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (கும்பகோணம்): வீட்டில் வளர்த்த கோய் மீன்களைக் கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம்தானே?

இல்லை அம்மா. குளத்தில் இருக்கிற உயிர்களுக்கு அது கேடு. கடையில் திருப்பிக் கொடுங்கள், வளர்க்கிற வேறு யாருக்காவது கொடுங்கள்.

கேள்வி (சேலம்): டேங்க் கிளீனர் பெரிதாகிவிட்டது. ஆற்றில் விடலாமா?

விடாதீர்கள்.

கேள்வி (விழுப்புரம்): கிணற்றில் கொசுவுக்காக கம்பூசியா விடலாமா?

மூடிய கிணறு, தொட்டி என்றால் பரவாயில்லை. குளத்தில், ஓடையில் வேண்டாம். 1928இல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க மீன் அது. கொசுப்புழுவோடு தவளையின் தலைப்பிரட்டையையும் சிறு மீன்களின் முட்டையையும் தின்றுவிடும். நம் முண்டக்கண்ணியே கொசுப்புழுவைத் தின்னும். நெற்றியில் வெள்ளைப் புள்ளியோடு தண்ணீர் மட்டத்திலேயே நீந்துமே, அதுதான். பக்கத்து வாய்க்காலில் கிடைத்தால் அதை விடுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): நம் பக்கத்து மீன் வெளிநாட்டில் போய்த் தொல்லை செய்ததுண்டா?

உண்டு. பேத்தை மீனில் ஒரு வகை சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போய்விட்டது. 2003இல் துருக்கியில் தெரிந்தது. வலையைக் கடித்துக் கிழிக்கிறது, தின்றால் உயிருக்கே ஆபத்து. சைப்ரஸில் பிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பணம் தருகிறார்கள்.

கேள்வி (பல்லாவரம்): படம் அனுப்பியிருக்கிறேன். சக்கர் மீனில் எந்த வகை?

முதுகைப் படம் எடுத்தால் சொல்ல முடியாது. மீனைப் புரட்டி வயிற்றை எடுத்து அனுப்புங்கள். தனித்தனிப் புள்ளிகள் இருந்தால் ஒரு வகை, புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிந்தது போல் கோடு கோடாக இருந்தால் இன்னொரு வகை. இரண்டும் கலந்த மீன்களும் உண்டு. எந்த ஏரி, என்ன தேதி என்பதையும் எழுதுங்கள். பக்கத்தில் ஸ்கேல் இல்லையென்றால் செருப்பையாவது வையுங்கள், நீளம் தெரியட்டும்.