காசும் கதிரையும்: ஏஏ குழுவை நடத்துவது யார்?

ஏஏ-க்குத் தலைவர் இல்லை என்று போன கிழமை ஒரு வரி எழுதப் போய், அதற்கு மட்டும் இவ்வளவு கேள்வி. தெரிந்ததைச் சொல்கிறேன். நான் கிளிநொச்சிப் பக்கம். குடியை விட நினைக்கிறவர்கள் பேர் வெளியே தெரியாமல் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ, கூட்டங்களுக்குப் போகத் தொடங்கிப் பதினொரு வருடம். செயலாளர், காசு வைத்திருக்கிறவர், பிரதிநிதி என்று எல்லா வேலையும் பார்த்துவிட்டு இப்போது தேத்தண்ணி ஊற்றுகிறேன். இதெல்லாம் என் அனுபவம், ஏஏ-யின் கருத்து இல்லை. ஏஏ-யின் பேரில் கருத்துச் சொல்ல எனக்கு மட்டுமில்லை, ஒருவருக்கும் உரிமை இல்லை.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர்: எங்கள் கமக்காரர் அமைப்பில் தலைவர் ஒரு நாள் வராவிட்டாலே வாய்க்கால் திறக்க ஆளில்லை. தலைவரே இல்லாமல், அதுவும் குடிகாரரை வைத்துக்கொண்டு, எப்படி அண்ணை நடத்துகிறீர்கள்?

குடிகாரர் என்பதால்தான் தலைவர் இல்லை. எங்களில் ஒருவனைக் கதிரையில் இருத்தினால் ஆறு மாதத்தில் அவன் ராசா. மற்றவர்கள் அவனை இழுத்து விழுத்துவதற்கென்றே தனியாகக் கூடுவார்கள். இதைத் தொடங்கியவர்கள் அமெரிக்காவில் ஓகாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில், 1935இல், பங்குச்சந்தையில் வேலை பார்த்த பில் என்ற ஒருவரும் பொப் என்ற டொக்டர் ஒருவரும். குழுக்கள் பெருகப் பெருக எல்லாச் சண்டையும் வந்தது: காசு, பதவி, காதல், பேப்பரில் படம். குழுக்கள் தங்கள் சண்டைகளை நியூயோர்க்கில் இருந்த ஏஏ அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதித் தள்ளின. அந்தக் கடிதங்களில் கிடந்த அனுபவத்திலிருந்துதான், ஒரு குழு எப்படி நடக்க வேணும் என்று சொல்லும் பன்னிரு பாரம்பரியங்கள் வந்தன. 1946இல் ஏஏ சஞ்சிகையில் அச்சானது, 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். பன்னிரு படிகள் ஆளைக் குடியிலிருந்து காப்பாற்ற, பன்னிரு பாரம்பரியங்கள் குழுவை அந்த ஆளிடமிருந்து காப்பாற்ற. இப்படித்தான் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது.

இரண்டாவது பாரம்பரியத்தின்படி கடைசி அதிகாரம் குழு மனசாட்சியினூடாகப் பேசும் கடவுளுக்குத்தான். முன்னால் நிற்பவர்கள் நம்பி வேலை கொடுக்கப்பட்ட சேவகர்கள், ஆள்பவர்கள் இல்லை. நடைமுறையில் எங்கள் குழுவில் மாதம் ஒருமுறை வழமையான கூட்டம் முடிந்தபின் அலுவல் கூட்டம் வைப்போம். பதினைந்து வருடம் தொடாதவனுக்கும் ஒரு வாக்கு, போன மாதம் வந்தவனுக்கும் ஒரு வாக்கு. செயலாளர் கதவு திறப்பார், கொப்பியில் அறிக்கை எழுதுவார். "செயலாளர் தீர்மானித்தார்" என்று ஒரு வசனம் அந்தக் கொப்பியில் கிடையாது.

மல்லாவித் தம்பி: கடவுள் என்றால் எந்தக் கடவுள்?

உங்களுக்கு விளங்குகிற கடவுள். எங்கள் வாங்கில் பிள்ளையார் கோயில்காரரும் மடு மாதா கோயிலுக்கு நடந்து போகிறவரும் ஒன்றையும் நம்பாதவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அடுத்தது.

ஒருவர்: தினமும் கால் போத்தல் சாராயம். நாளையிலிருந்து ஒரேயடியாக விடப்போகிறேன், சரிதானே?

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரிடம் சொல்லுங்கள். கனகாலம் தினமும் குடித்தவர் சடுதியாக விட்டால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்குப் பிறகு எங்களிடம் வாருங்கள்.

மாங்குளத்திலிருந்து ஒருவர்: பெரும்பான்மை வாக்கு என்றால் எங்கள் கோயில் சபை மாதிரித்தானே? ஆள் சேர்த்தவன் வெல்வான்.

நல்ல கேள்வி. இல்லை. பெரும்பான்மை கிடைத்த உடனே நாங்கள் கொப்பியை மூடுவதில்லை. தோற்ற பக்கத்தைத் திரும்பப் பேசவிடுவோம். கேட்டுவிட்டு யாருக்காவது மனம் மாறினால் திரும்ப வாக்கு. சிறுபான்மைக்கு முறையிடும் உரிமை உண்டு என்பது ஏஏ-யின் சேவை வேலைகளுக்காக பில் 1962இல் எழுதிய பன்னிரு கருத்துருக்களில் ஐந்தாவது.

எங்கள் குழுவில் ஒருமுறை சனிக்கிழமைக் கூட்டத்தை ஞாயிறுக்கு மாற்றப் பார்த்தோம். வசதி, பஸ், கலியாண வீடு, ஆளுக்கொரு காரணம். ஒன்பது பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. அந்த ஒருவர் மேசன் வேலைக்கு உதவியாளாகப் போகிறவர், கூட்டத்தில் வாயே திறக்காதவர். "ஏன் அண்ணை வேண்டாம்?" என்று கேட்க, சாரத்தின் நுனியைத் திருகிக்கொண்டு சொன்னார்: "சனி பின்னேரம்தான் எனக்குக் கிழமைக் கூலி கையில வாறது. ஞாயிறு நான் வந்தென்ன, வராட்டி என்ன." ஒருவரும் கதைக்கவில்லை. திரும்ப வாக்கெடுத்தோம். இன்றைக்கும் சனிக்கிழமை ஐந்தரைக்குத்தான் கூட்டம்.

அதே மாங்குளத்தவர்: நன்றாகச் செய்கிற செயலாளரை ஏன் மாற்ற வேணும்?

நன்றாகச் செய்கிறார் என்பதால்தான். நான் நாலு வருடம் செயலாளர். திறப்பு என் இடுப்பில், கொப்பி என் வீட்டில், யார் பேசுவது, எவ்வளவு நேரம், எல்லாம் என் தலையாட்டலில். "அண்ணை இல்லாவிட்டால் குழு இல்லை" என்று ஒருவர் சொல்ல, அதை நானும் நம்பினேன். அலுவல் கூட்டத்தில் ஒரு பெடியன், வந்து எட்டு மாதம், வேலைகளை ஆள் மாற்றி ஆள் கொடுக்கும் சுழற்சி பற்றிக் கேட்டான். எனக்குக் கோபம் தலைக்கேறித் திறப்பை மேசையில் எறிந்துவிட்டு வந்தேன். மூன்று கிழமை போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை என் சைக்கிள் கசிப்பு விற்கிற வளவின் படலைக்கு முன்னால் நின்றது. நான்தான் மிதித்துக்கொண்டு போனேன், ஆனால் எப்படிப் போனேன் என்று தெரியாது. இறங்கவில்லை, திருப்பினேன். கூட்டத்துக்குப் போனால் கதவு திறந்திருக்கிறது, பாய் விரித்திருக்கிறது, அந்தப் பெடியன் தேத்தண்ணி தந்தான். நான் இல்லாமலே குழு மூன்று கிழமை ஓடியிருக்கிறது. அந்த அவமானம் எனக்கு நல்ல மருந்து.

அன்றிலிருந்து நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: காசும் கதிரையும், இரண்டிலும் கவனம்.

வவுனியாவிலிருந்து ஒருவர்: பிரதிநிதி என்றீர்கள். ஜி.எஸ்.ஆர். என்றால் என்ன?

பொதுச்சேவைப் பிரதிநிதி. குழுவின் குரலை வெளியே கொண்டுபோய், வெளியே நடப்பதைக் குழுவுக்குக் கொண்டுவருபவர். நான் ஜி.எஸ்.ஆர். ஆன கிழமை பக்கத்து வீட்டு ஆச்சி அதை ஜி.எஸ்., அதாவது கிராம சேவகர், அலுவலக வேலை என்று விளங்கிக்கொண்டு சமுர்த்தி நிவாரண முத்திரைக்கு என்னிடம் சொல்லிவைத்தார்.

மேல்மட்டத்தில் ஆள் தெரிவு செய்யும் முறை ஒன்று உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேணும். பலமுறை வாக்கெடுத்தும் ஒருவருக்கும் அது கிடைக்காவிட்டால், முன்னணியில் நிற்பவர்களின் பெயரைத் தொப்பியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். சோழர் காலத்துக் குடவோலை படித்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு வாக்கால் வென்றவன் ஊரை இரண்டாக்குவான், சீட்டில் வந்தவன் எவரையும் தோற்கடிக்கவில்லை.

பரந்தன் ஆள்: அப்போ அமெரிக்காத் தலைமையகம் சொன்னால் கேட்கத்தானே வேணும்?

கேட்கத் தேவையில்லை. முக்கோணத்தைத் தலைகீழாக வையுங்கள். மேலே குழுக்கள், நடுவில் பிரதிநிதிகளின் மாநாடு, அடியில் பொறுப்பாளர் சபை. அமெரிக்கா, கனடாவுக்கான சபையில் 21 பேர், அதில் 7 பேர் குடிநோயாளிகளே இல்லை. அவர்களால் எங்கள் குழுவை மூடவும் முடியாது, ஒரு ஆளை வெளியேற்றவும் முடியாது. படிகளிலோ பாரம்பரியங்களிலோ ஒரு சொல்லை மாற்றுவதற்குக்கூட உலகிலுள்ள குழுக்களில் நாலில் மூன்று பங்கு எழுத்தில் சம்மதிக்க வேணும் என்று 1976இல் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். நடக்கிற காரியமா?

முழங்காவிலிலிருந்து ஒரு அக்கா: பெண்கள் வரலாமா? ஊரில் கதைப்பார்கள்.

வரலாம் அக்கா. குடியை விட ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி கிடையாது. தொடக்க காலத்தில் ஒவ்வொரு குழுவும் யார் யாரைச் சேர்க்கக்கூடாது என்று பட்டியல் வைத்திருந்ததாம். அலுவலகம் எல்லாப் பட்டியலையும் வாங்கிச் சேர்த்துப் பார்த்தால், அதன்படி ஒரு ஆள்கூட ஏஏ-யில் சேர முடியாது. கணவரின் குடிக்காகக் கேட்கிறீர்கள் என்றால் அதற்கு அல்-அனான் என்று வேறு அமைப்பு, 1951இலிருந்து தனியாக நடக்கிறது.

துணுக்காயிலிருந்து ஒருவர்: நாங்கள் புதிதாகத் தொடங்குகிறோம். யாப்பு ஒன்று எழுதித் தரமுடியுமா? தலைவர், உபதலைவர், போசகர்...

போசகரா! தம்பி, ஏஏ நூலிலேயே ஒரு கதை. ஒரு ஊர்க் குழு பெரிய கட்டடம், ஆஸ்பத்திரி எல்லாம் திட்டமிட்டு 61 விதி எழுதியது. எல்லாம் சரிந்த பிறகு எழுதியவரே 62ஆம் விதியை அட்டையில் அச்சடித்து மற்றக் குழுக்களுக்கு அனுப்பினார்: உன்னை நீயே பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இரண்டு பேர், ஒரு கதவு, ஒரு கேத்தல். தொடங்குங்கள்.

விசுவமடு ஆள்: புதிதாக பார் திறக்கப் பார்க்கிறார்கள். ஊரே மனுவில் கையெழுத்து. ஏஏ மட்டும் ஏன் போடவில்லை? பயமா?

நான் போட்டேன், ஊர்க்காரனாக, என் சொந்தப் பெயரில். ஏஏ போடாது. பத்தாவது பாரம்பரியம்: வெளி விடயங்களில் ஏஏ-க்குக் கருத்து இல்லை. 1840இல் போல்டிமோரில் ஆறு குடிகாரர் சேர்ந்து வோஷிங்டோனியர் என்று ஒரு இயக்கம் தொடங்கினார்கள். எங்களை மாதிரித்தான், ஒருவரையொருவர் தூக்கிவிட்டுப் பெருவளர்ச்சி. பிறகு மதுவிலக்குப் பிரசாரம், அரசியல், மேடை. சில வருடத்தில் ஆளே இல்லை. பார் முதலாளியின் மகன் நாளைக்குக் குடியை விட எங்களிடம் வர வேணும். மனுவில் எங்கள் குழுவின் பேரைப் பார்த்தால் வருவானா?

சுவிஸிலிருந்து ஒருவர்: மரத்தடியிலும் சனசமூக நிலையத்திலும் கூடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என் தம்பி குடியாலேயே போய்ச் சேர்ந்தவன். அவன் நினைவாக உங்களுக்கு ஒரு மண்டபம் கட்டித் தருகிறேன். முழுச்செலவும் என்னுடையது.

அண்ணை, கண் கலங்கிவிட்டது. ஆனால் வாங்க மாட்டோம். ஏழாவது பாரம்பரியம்: ஒவ்வொரு குழுவும் தன் காலில் நிற்க வேணும், வெளியார் காசு வேண்டாம்.

இதற்குப் பிறகு வந்தது கேள்வி இல்லை, சண்டை. சுருக்கிப் போடுகிறேன்.

*முறிகண்டித் தம்பி:* மழைக்கு ஒதுங்க இடமில்லாதவனுக்கு வீம்பு எதற்கு?

*புதுக்குடியிருப்பு அக்கா:* ஐயோ தம்பி, வெளிநாட்டுக் காசு வந்த பிறகு எங்கள் கோயில் சபை மூன்றாய்ப் போனது தெரியாதா?

*முறிகண்டித் தம்பி:* அது கோயில். இது உயிர்.

உயிர் என்பதால்தான் தம்பி. கேளுங்கள். தொடக்க காலத்தில் பில்லும் கூட இருந்தவர்களும் இளைய றொக்பெல்லரிடம் போனார்கள், 50,000 டொலர் கிடைக்கும் என்ற கனவோடு. காசு இதைக் கெடுத்துவிடும் என்று அந்தக் கோடீசுவரரே நினைத்து 1938இல் 5,000 மட்டும் கொடுத்தார். 1948இல் ஒரு அம்மா உயிலில் 10,000 டொலர் எழுதிவைத்துவிட்டுப் போனார். அலுவலகத்தில் அப்போது கைமுட்டு. விவாதித்துவிட்டு வேண்டாம் என்றார்கள். கெட்ட காசு என்பதால் இல்லை. நிறையக் காசு வந்தால் அதை யார் வைத்திருப்பது என்ற சண்டையில் குடிக்கிறவனை மறந்துபோவார்கள் என்பதால்.

எங்கள் காசு ஒரு அங்கர் பால்மா பேணியில் இருக்கிறது. கூட்டத்தில் கைமாறிப் போகும். உள்ளே நாலாய் மடித்த இருபது ரூபா, சில நாள் ஒரு நூறு, யாரோ ஒருவரிடமிருந்து கிழமை தவறாமல் ஒரு ஐந்து ரூபாக் குற்றி. இரண்டு பேர் முன்னால் எண்ணிக் கொப்பியில் எழுதுவோம். சனசமூக நிலையத்தார் வாடகை வேண்டாம் என்றார்கள், நாங்கள்தான் வற்புறுத்தி மாதம் ஆயிரம் கட்டுகிறோம். ஊர் முழுக்கக் கடன் வைத்துக் குடித்த ஆட்கள் நாங்கள். மாதம் முடிய அந்தப் பற்றுச்சீட்டைக் கையில் வாங்கும்போது வருகிற நிமிர்வை எந்த மண்டபமும் தராது.

*சுவிஸ் அண்ணை:* பெயர்ப்பலகைகூட வேண்டாம். ஒரு படம், சின்னதாக ஒரு திறப்புவிழா.

அதுதான் அண்ணை எனக்குப் பயம். வன்னியில் ஒரு தையல் மெசின் கொடுத்தாலும் பதாகை கட்டிப் படம் எடுக்காமல் கொடுத்ததில்லை. வாங்குகிறவன் முகம் முழு உலகமும் சுற்றும். எங்கள் ஆட்கள் அந்தப் படத்தில் நிற்க முடியாது. பில்லுக்கு யேல் பல்கலைக்கழகம் 1954இல் கௌரவ கலாநிதிப் பட்டம் தர வந்தபோது அவரே மறுத்தார். எங்கள் குழுவிடம் உறுப்பினர் பட்டியல்கூட இல்லை. பெயர்ப் பட்டியல் என்றால் இந்த மண்ணில் சனத்துக்கு என்ன பயம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

*முறிகண்டித் தம்பி:* அப்போ அவர் தம்பிக்கு ஒன்றும் செய்யேலாதா?

செய்யலாம். ஊருக்கு, சனசமூக நிலையத்தின் பேரில், ஒரு மண்டபம் கட்டிக் கொடுங்கள் அண்ணை. உங்கள் தம்பியின் படத்தையும் மாட்டுங்கள். நாங்கள் மற்றவர்களைப் போல வாடகை கட்டிச் சனிக்கிழமையில் கூடுவோம். வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கக்கூடாது, அது மட்டும் நிபந்தனை.

*சுவிஸ் அண்ணை:* யோசிக்கிறேன்.

நெடுங்கேணியிலிருந்து ஒருவர்: உங்கள் தலைவர் யார்?

மேலே போய்ப் படியுங்கள்.

இன்னொருவர்: அங்கத்துவப் பணம் எவ்வளவு?

இல்லை. பேணிக்கு ஐந்து ரூபா போடலாம், போடாமலும் விடலாம்.

இன்னொருவர்: தலைவரோடு கதைக்க நம்பர்...

தம்பி!

அக்கராயனிலிருந்து ஒருவர்: இந்தச் சனி வரப் பார்க்கிறேன். வாசலில் பேர் கேட்பார்களா?

கேட்க மாட்டோம். ஏதாவது சொல்ல வேணும் போல் இருந்தால் பிடித்த பேரைச் சொல்லுங்கள். எங்களிடம் இப்போது மூன்று ரவி இருக்கிறார்கள், அதில் ஒருவருக்குத்தான் உண்மையிலேயே ரவி என்று பேர்.