ஆறு வருடம் நின்ற ஜிப்சி: எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: கூடலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஷெட்டில் ஆறு வருடமாக நின்ற 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங் வாங்கியிருக்கிறேன். கார்புரேட்டர் வண்டி. வீட்டுக்குப் பின்னால் ஷெட், ஆர்க் வெல்டிங் மிஷின், நல்ல ஸ்பேனர் செட் எல்லாம் இருக்கிறது. சனி, ஞாயிறு மட்டும்தான் வேலை செய்ய முடியும். எஞ்சினை இறக்கி ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்வதில் தொடங்கலாமா? பாடியை சேசிஸிலிருந்து முழுசாகக் கழற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் வண்டியில் இருப்பது ஜி13பிஏ, 1298 சிசி, 8 வால்வு எஞ்சின். எஸ்டீமில் ஓடியதும் இதே குடும்பம்தான். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பழக்கமானது. பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் கிடைக்கும். முழுசாகச் செத்துப்போயிருந்தாலும் பிழைக்க வைத்துவிடலாம். சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், அப்படியில்லை. ஜிப்சியின் தயாரிப்பு 2019-க்குள் முடிந்துபோய்விட்டது. அதோடு, எண் குத்திய சேசிஸைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை மாட்டுவது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடக்கிற காரியமும் இல்லை. எனவே பணத்தை எங்கே போடுவது என்பதைச் சேசிஸ்தான் தீர்மானிக்கும். எஞ்சினை ரீபோர் செய்து பளபளவென்று வைத்துவிட்டு, பிறகு பின் ஸ்பிரிங்கைச் சேசிஸோடு பிடித்திருக்கும் ஹேங்கர் கையோடு வருவதைப் பார்ப்பவர்கள் நிறைய.

அதற்கும் முன்னால் ஆர்.சி.யைக் கையில் எடுங்கள். 1998 வண்டிக்குப் பதினைந்து வருடம் 2013-இல் முடிந்திருக்கும். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பு காலாவதியாகியிருந்தால் அபராதம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் குத்திய இடத்தில் துரு இருந்தால் கையால் பித்தளை பிரஷ் போடுங்கள். கிரைண்டர் கிட்டவே போகக் கூடாது. சேசிஸ் எண்ணைத் தாளில் தேய்த்துப் பிரிண்ட் எடுக்க முடியாத வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடைக்காது. டீசல் எஞ்சின் மாற்றுவது, பாடியை வெட்டி நீட்டுவது போன்ற யோசனைகளையும் இப்போதே விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவும், 2019-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

இனி சேசிஸ். தோட்டத்து வண்டிகளுக்கு இரண்டு எதிரிகள்: பெட்டி வடிவச் சட்டத்துக்குள் புகுந்து காயாமலே கிடக்கும் சேறு, பின்னால் ஏற்றிய உர மூட்டைகளில் இருந்து சிந்திய பொட்டாஷ். பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு, இரும்பைக் கடலோரக் காற்றைவிட வேகமாகத் தின்னும். வண்டியை நான்கு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, ஹாலோ பிளாக் கல்லை அடுக்கியோ கீழே படுக்காதீர்கள். ஹாலோ பிளாக் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவி, சட்டத்தின் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு கால் கிலோ சுத்தியலால் ஓர் ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கிண்ணென்று கேட்கும். இத்துப்போன இடம் சொத்தென்று கேட்கும், சுத்தியலும் எழும்பாது. அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பின் ஸ்பிரிங் ஹேங்கர்கள், பின்பக்கக் குறுக்குச் சட்டம், பாடி மவுண்ட் (பாடியைச் சேசிஸோடு இணைக்கும் ரப்பர்த் தாங்கி) உட்காரும் பிராக்கெட்டுகள், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் ஆகும் இடம் ஆகியவற்றைத் திருப்புளியால் குத்தியும் பாருங்கள். கடைசியாகக் குறுக்கு அளவு: இடது முன் ஹேங்கர் போல்ட்டில் இருந்து வலது பின் ஹேங்கர் போல்ட், பிறகு வலதில் இருந்து இடது. இரண்டுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சட்டம் முறுக்கியிருக்கிறது. அதைச் சேசிஸ் பெஞ்ச் உள்ள பட்டறைதான் நேராக்க முடியும்.

வட்டங்கள் எங்கே விழுகின்றன என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. பாடி மவுண்ட் பிராக்கெட்டுகளும் அவற்றுக்கு மேலே இருக்கும் சட்டத்தின் முதுகும் நல்லபடியாக இருந்தால் பாடியைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. தூக்கினால் வயரிங், பிரேக் பைப், ஸ்டீயரிங் காலம் என்று வேலை நாலு மடங்காகும். வார இறுதிகளில் மட்டும் செய்பவருக்கு அங்கேயே வண்டி நின்றுபோகும். மவுண்ட்கள் இரண்டு மூன்று இத்துப்போயிருந்தால் தூக்கத்தான் வேண்டும். கதவு, கண்ணாடி, சீட் எல்லாம் கழற்றிவிட்டால் ஆறு பேர் தூக்கும் எடைதான். மவுண்ட் போல்ட்டுகளுக்கு ஒரு வாரம் முன்பே தினம் ஒருமுறை துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள், இல்லாவிட்டால் போல்ட்டோடு சேர்ந்து நட்டும் உள்ளே சுற்றும்.

வெல்டிங்கில் ஆர்க் மிஷின் பாதி வேலைக்குத்தான் உதவும். சேசிஸில் ஒட்டுப்போட 3 மி.மீ. எம்.எஸ். தகடு, 2.5 மி.மீ. ராடு, 70 முதல் 80 ஆம்பியர் சரியாக இருக்கும். இத்த இடத்தைத் தாண்டி, பளிச்சென்ற இரும்பு வரும் வரை வெட்டுங்கள். ஒட்டுத் தகட்டைச் சதுரமாக வெட்டாமல் இரு முனையும் கூராக, சாய்சதுரமாக வெட்ட வேண்டும். சட்டத்துக்குக் குறுக்கே செங்குத்தாக ஓடும் வெல்டு, வண்டி ஆடும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். தரைத்தகடு வேறு கதை. அது ஒரு மி.மீ. சுமாருக்குத்தான் இருக்கும், ஆர்க் பட்டால் ஓட்டையை அடைப்பதற்குப் பதில் பெரிதாக்கும். அதற்கு சிஓடூ வெல்டிங் வைத்திருக்கும் டிங்கரை ஒரு நாள் வரச் சொல்லுங்கள். 18 கேஜ் தகடு, 0.8 மி.மீ. வயர், மூன்று செ.மீ.க்கு ஒரு புள்ளி, ஒரே பக்கமாகப் போகாமல் எதிரெதிராக. பேட்டரி கழன்றிருக்க வேண்டும், பெட்ரோல் டேங்க் ஷெட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வெல்டு முடிந்ததும் துரு மாற்றும் திரவம், எபாக்ஸி பிரைமர், மேலே பெயிண்ட், சட்டத்துக்குள்ளே நீள நாசில் வைத்துக் கேவிட்டி மெழுகு. பல இடங்களில் துருவைச் சுரண்டாமலே கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்துத் தருவார்கள். பார்க்க அழகாக இருக்கும். உள்ளே ஈரம் அடைபட்டு, இரண்டு மழைக்காலத்தில் தகடு பிஸ்கட்டாகிவிடும்.

அடுத்தது முன் ஆக்சில். ஜிப்சியை வீட்டில் மீட்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கவனமாகச் செய்தால் வண்டி புதிதுபோல ஓடுவதும் இதனால்தான். இரண்டு முன் சக்கரங்களுக்குப் பின்னாலும் பந்துபோன்ற ஒரு கூடு இருக்கும், அதைச் சுற்றி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் திரும்பும். மேலும் கீழும் அது திரும்பும் அச்சாணியான கிங்பின், ஒவ்வொன்றிலும் ஒரு டேப்பர் பேரிங். பந்தின் அடியில் கறுப்பாக எண்ணெய் வழிந்திருந்தால், ஆக்சில் உள்சீல் போய் டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிட்டது என்று பொருள். புது சீல் போடுவதற்கு முன் ஆக்சில் கூட்டின் மேலே உள்ள பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது சேற்றால் அடைத்திருந்தால் சூடாகும் காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். எத்தனை சீல் மாற்றினாலும் மீண்டும் ஒழுகும்.

ஒரு பக்கத்துக்கு வேண்டியவை: கிங்பின் பேரிங் இரண்டு, நக்கிள் சீல் செட் ஒன்று, ஆக்சில் உள்சீல் ஒன்று, வீல் பேரிங் இரண்டு, ஹப் சீல் ஒன்று, லாக் வாஷர் ஒன்று. ஹப் லாக் நட்டை உளி வைத்துத் தட்டிக் கழற்றுவது ஊர்வழக்கம். நட்டின் காடிகள் சிதைந்து, திரும்ப முறுக்கும்போது அளவே பிடிக்காது. லேத்தில் கொடுத்துப் பைப் சாக்கெட் ஒன்று செய்துகொள்ளுங்கள். கிங்பின்களைக் கழற்றும்போதே மேல், கீழ், இடது, வலது என்று எழுதி, அந்தந்த ஷிம்களோடு (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) தனித்தனிக் கவரில் போடுங்கள். கலந்துவிட்டால் பேரிங் இறுக்கம் மாறிவிடும். பந்தின் மேல் துருப் பள்ளங்கள் இருந்தால் புது சீலை அவை அரிந்துவிடும்: 400 எமரியால் தேய்த்து, பள்ளத்தில் மெட்டல் எபாக்ஸி நிரப்பி, காய்ந்ததும் மறுபடி வழவழப்பாகத் தேய்க்க வேண்டும்.

மாட்டும்போது நக்கிள் சீலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீல் இல்லாத நிலையில், டை ராடு துளையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கி மாட்டி இழுங்கள். 1 முதல் 1.8 கிலோவுக்குள் நக்கிள் திரும்பத் தொடங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒரு ஷிம்மை எடுங்கள், கூடினால் ஒன்று சேருங்கள். இந்த அளவைப் பார்க்காமல் விடுவதுதான், 50, 60 கி.மீ. வேகத்தில் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கைகளைப் பிடித்து உலுக்குவதற்கு முதல் காரணம். ஸ்டீயரிங் டாம்பர் மாற்றினால் அந்த நடுக்கம் கொஞ்ச நாள் மறையும், போகாது. ஆக்சில் மூட்டுக்கு லித்தியம் கிரீஸ், பந்துக்குள் முக்கால் பங்கு நிரப்பினால் போதும்.

லீஃப் பட்டைகளைக் கழற்றினால் யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடி தராது. புஷ் மாற்றியபின் ஷேக்கிள் போல்ட்டுகளை வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது இறுக்கிவிடாதீர்கள். நான்கு சக்கரமும் தரையில் நின்று, எடை இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் எந்நேரமும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

பிரேக்கில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. மாஸ்டர் சிலிண்டர், பின் வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் புதிது. முன் காலிப்பரில் பிஸ்டன் துருப்பிடித்திருந்தால் அதுவும். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே சிலிண்டரை அரித்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்கும்போது மாஸ்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின் சக்கரத்தில் தொடங்குங்கள்.

இப்போது எஞ்சின். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் 17 மி.மீ. போல்ட்டில் சாக்கெட் போட்டு வலஞ்சுழியாகக் கையால் சுற்றுங்கள். சிக்கினால் பலம் காட்டாமல் மீண்டும் ஆயில் விட்டுக் காத்திருங்கள். சுற்றியதும் டைமிங் பெல்ட்டை மாற்றிவிடுங்கள்; வயதான ரப்பர் அது. அப்போது அந்த 17 போல்ட்டையும் அதன் பின்னால் பல்சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் கீயையும் பாருங்கள். போல்ட் தளர்ந்து, கீ உட்காரும் காடி (கீவே) அகன்றுபோவது இந்த எஞ்சினின் பழைய நோய். டைமிங் பின்தங்கி, வண்டி இழுவை இல்லாமல் போகும், மெக்கானிக் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துத்தான் இறுக்க வேண்டும்.

பிறகு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள், பேட்டரி முழு சார்ஜில், ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து. நல்ல எஞ்சினில் சதுர செ.மீ.க்கு 14 கிலோ; 12-க்குக் கீழே போகக் கூடாது; சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 1 கிலோவுக்குள். சிலிண்டரில் விட்ட ஆயில் முதல் முறை அளவைக் கூட்டிக் காட்டும், நின்ற ரிங்குகள் ஒட்டியிருந்தால் குறைத்தும் காட்டும். ஆகவே வண்டி நூறு கிலோமீட்டர் ஓடியபின் எடுக்கும் அளவை வைத்தே ரீபோர் முடிவு செய்யுங்கள். பல வண்டிகளுக்கு அது தேவையே படாது. குளிர்ந்த எஞ்சினில் வால்வு இடைவெளி இன்டேக்கில் 0.13–0.17, எக்ஸாஸ்டில் 0.16–0.20 மி.மீ.

டேங்கை இறக்கி, பழைய பெட்ரோலைக் கொட்டி, கழுவி உலர்த்துங்கள். ஓட்டை இருந்தால் வேறு டேங்க் தேடுங்கள், சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். காலி டேங்கில் வீட்டில் வெல்டு வைப்பது வெடிகுண்டில் வெல்டு வைப்பதுதான். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கிட் எல்லாவற்றையும் அதற்குத் தாங்கும் வகையில் புதிதாகப் போடுங்கள்.

ஆயில் மாற்றும்போது எப்போதும் நிரப்பும் பிளக்கை முதலில் திறங்கள். வடிபிளக்கைத் திறந்து ஆயிலை இறக்கிவிட்டு, நிரப்பும் பிளக் அசையாமல் போனால் வண்டி அங்கேயே கிடக்கும். கியர்பாக்ஸுக்கு 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 0.8, முன் டிஃபரன்ஷியலுக்கு 2, பின்னுக்கு 1.5. கியர்பாக்ஸில் ஜிஎல்-4 தரம். ஜிஎல்-5 ஊற்றினால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும் என்பதால் அதை டிஃபரன்ஷியலோடு நிறுத்துங்கள். வடிந்த ஆயில் பால்டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஆயிலை ஐம்பது கிலோமீட்டரில் மறுபடி மாற்ற வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில் கிளட்ச் விடவில்லை என்றால் பயப்படாதீர்கள், தட்டு ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கும். பின் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, முன் சக்கரங்களுக்கு அடை வைத்து, மூன்றாம் கியரில் ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்தபடி பிரேக்கைச் சட்டென்று அழுத்துங்கள். இரண்டு மூன்று முறையில் விட்டுவிடும்.

டயர் 205/70 ஆர்15 அளவிலேயே இருக்கட்டும். ஓட்டத் தொடங்கி 500 கிலோமீட்டரில் யூ போல்ட், கிங்பின் போல்ட், புரொப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி டார்க் பார்த்து, எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு எஃப்.சி.க்குக் கொண்டுபோங்கள்.