அட்டை விடலும் முட்டி வலியும்: உங்கள் கேள்விகள்

காசிமேடு வாசகர்: அட்டை எச்சிலில் மயக்க மருந்து இருப்பதால்தான் கடி வலிப்பதில்லையா?

எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் அந்தப் பொருளை இதுவரை யாரும் தனியே பிரித்துக் காட்டவில்லை. பலருக்குச் சுருக்கென்று தெரியத்தான் செய்யும்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகி: கெட்ட ரத்தம் போவதால்தான் அம்மாவுக்கு முட்டி வலி குறைகிறதா?

ஓர் அட்டை குடிப்பதே 10 மில்லி சுமார், அதில் என்ன கெட்டது போய்விடும்? எச்சிலைப் பாருங்கள். அதில் உள்ள எக்லின், வீங்கின இடத்தில் திசுவை அரிக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதியைத் தடுக்கும். எச்சிலில் உள்ள இன்னொரு பொருளான ஹிருஸ்டாசின் கல்லிக்ரீன் என்ற நொதியை அடக்கும், வலியைக் கிளப்பும் கைனின்கள் உண்டாவது அந்தக் கல்லிக்ரீனால்தான். 2003இல் ஜெர்மனியில் முட்டித் தேய்மானம் உள்ள ஐம்பது பேர் போல வைத்து டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரண ஜெல்லோடு ஒப்பிட்டதில், ஒரே தடவை அட்டை விட்டவர்களுக்கு ஒரு வாரத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் தனக்கு எது கிடைத்தது என்று அவரவருக்குத் தெரியும், அந்த நம்பிக்கையும் கொஞ்சம் வேலை செய்திருக்கும். தேய்ந்த மூட்டு இதனால் வளராது.

கொருக்குப்பேட்டை வாசகர்: இதயத்துக்காக ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். அட்டை விடலாமா?

கூடாது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டும் கூடாது.

தண்டையார்பேட்டை வாசகர்: ஊர்க் குளத்தில் பிடித்த அட்டையை எனக்கு விட்டு, மஞ்சள் தண்ணீரில் கக்க வைத்து, அப்புறம் மாமியாருக்கும் விட்டோம். கடித்த இடம் சிவந்து வலிக்கிறது. ஏன்?

உங்கள் வயது எழுதவில்லை, சுகர் உண்டா இல்லையா எழுதவில்லை, யாருக்குச் சிவந்தது என்றுகூட இல்லை, எத்தனை தடவை சொல்வது! அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா எப்போதும் குடியிருக்கிறது, அட்டைக்கு ரத்தம் செரிக்க அது உதவுவதாகச் சொல்கிறார்கள், மஞ்சள் தண்ணீரில் அது போய்விடாது. உங்கள் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருந்தால் அதையும் மாமியாருக்குக் கொண்டுபோயிருப்பீர்கள். 2004இல் அமெரிக்காவில் அட்டையை மருத்துவ சாதனமாக அனுமதித்தார்கள், அங்கேயும் ஒருவருக்கு விட்டதை இன்னொருவருக்கு விடுவதில்லை, வேலை முடிந்ததும் ஸ்பிரிட்டில் போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். உப்பைப் போட்டுப் பிய்க்கவும் வேண்டாம், குடித்ததைப் புண்ணிலேயே கக்கும். இன்றைக்கே இரண்டு பேரும் டாக்டரிடம் போய் அட்டை விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், ஏரோமோனாஸுக்கு எல்லா ஆன்டிபயாடிக்கும் கேட்காது.

வியாசர்பாடி வாசகி: அட்டை விழுந்த பிறகும் ராத்திரி முழுக்கக் கசிகிறது, பயமாக இருக்கிறது.

எச்சிலில் உள்ள காலின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள்கள் செய்கிற வேலை, பத்து மணி நேரம் வரை கசியலாம். கட்டு மாற்றி மாற்றி நனைந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதற்கும் காத்திருக்காதீர்கள்.

திருவொற்றியூர் வாசகர்: அட்டைத் தைலம் தடவினால் போதாதா?

எச்சிலில் இருப்பவை பெரும்பாலும் புரதங்கள், காயமில்லாத தோலைத் தாண்டி அவை முட்டிக்குள் இறங்குவது கடினம். வாங்காமல் விட்டால் காசு மிச்சம்.