பிளாஸ்டிக் டப்பாவால் விந்தணு குறையுமா?

கேள்வி: வயது 31, கல்யாணமாகி இரண்டு வருஷம். செமன் அனாலிசிஸில் 11 மில்லியன் என்று வந்திருக்கிறது. பிளாஸ்டிக், பூச்சிமருந்தெல்லாம் ஹார்மோனைக் கெடுத்து விந்தணுவைக் குறைக்கும் என்கிறார்களே, உண்மையா? வீட்டு டப்பாக்களைத் தூக்கிப் போடணுமா?

நான் டாக்டர் இல்லை. குழந்தையின்மை சிகிச்சை மையம் ஒன்றில் லேப் டெக்னீஷியன். மைக்ராஸ்கோப்பில் எண்ணுவதுதான் வேலை என்பதால் முதலில் உங்கள் எண்ணைப் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் கொடுத்த கீழ்வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 16 மில்லியன். உங்களுடையது அதற்குக் கீழேதான். ஆனால் ஒரே டெஸ்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். இடையில் டெங்கு, டைபாய்டு என்று கடும் காய்ச்சலில் படுத்திருந்தால் அதுவும் ரிப்போர்ட்டில் தெரியும். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள்.

சரி, வேதிப்பொருட்கள். பயம் ஆதாரமில்லாதது அல்ல. ஹகாய் லெவின், ஷன்னா ஸ்வான் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியிட்ட கணக்குப்படி, 1973இல் மில்லிலிட்டருக்குச் சுமார் 100 மில்லியனாக இருந்த சராசரி 2018இல் 50 மில்லியனுக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. எண்ணும் முறையே இத்தனை வருஷத்தில் மாறிவிட்டது என்று மறுப்பவர்களும் உண்டு. ஒரே சாம்பிளை இரண்டு பேர் எண்ணினால் இரண்டு எண் வருவதைத் தினமும் பார்க்கிற எனக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் இருக்கிறது. காரணம் வேதிப்பொருள்தானா, உடல்பருமனா, புகையா என்பதை அந்தக் கணக்கு சொல்லவும் இல்லை.

இதில் பலரும் கவனிக்காத விஷயம், பாதிப்பு எந்த வயதில் நடக்கிறது என்பது. பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட்டுகளைச் சினையான எலிகளுக்குக் கொடுத்தால், பிறக்கும் ஆண் குட்டிகளுக்கு விரை இறங்காமல் போகிறது, சிறுநீர்த் துளை இடம் மாறுகிறது. கருவில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வேண்டிய நேரத்தில் போதுமான அளவு சுரக்காததுதான் காரணம். மனிதக் கருவில் அந்தக் காலம் ஏறக்குறைய 8 முதல் 14 வாரம்; பல பெண்களுக்கு ஸ்கேனே அப்போதுதான் முதல்முறை எடுப்பார்கள். ஆக, பார்சல் சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்க பாலிதீன் கவரில் கட்டி வாங்குவதை நிறுத்தணும் என்றால், உங்களுக்காக என்பதைவிட, நாளை உங்கள் மனைவி கர்ப்பமாகும்போது அவருக்காக நிறுத்துவதில் அர்த்தம் அதிகம். வளர்ந்த ஆணிடம் தாலேட்டும், கெட்டிப் பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்பீனால் ஏ-யும் ஓரிரு நாளில் சிறுநீரில் பெரும்பாலும் போய்விடும். தினமும் திரும்ப உள்ளே வந்துகொண்டே இருப்பதுதான் தொல்லை. டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம், சூடானதை அதில் போடாமல் எவர்சில்வரில் வையுங்கள், போதும்.

பூச்சிமருந்து வேறு ரகம். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மீது ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை 20 வருஷத்துக்கு மேல் தெளித்தார்கள். தோட்டத்து அடிவாரக் கிராமம் ஒன்றில் 10 முதல் 19 வயதுவரையான 117 பையன்களை, மருந்து படாத பகுதியின் 90 பையன்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வந்தது. அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் செய்தது. மருந்து பட்ட பையன்கள் வயதுக்கு வருவது தள்ளிப்போயிருந்தது, டெஸ்டோஸ்டிரோனும் குறைவு. அதைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் எல்.எச். ஹார்மோனோ அதிகம். அதாவது மேலே இருந்து உத்தரவு போகிறது, விரையால் முடியவில்லை. எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது 2011இல்.

அதனால்தான் இந்தப் பேச்சு நகரத்து டிபன் பாக்ஸையே சுற்றுவதில் எனக்கு எரிச்சல். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துண்டோடு, மருந்து அடிக்கிற கூலியாளின் உடம்பில் ஏறுவதோடு ஒப்பிட்டால் உங்கள் டப்பாவில் கசிவது ஒன்றுமே இல்லை. அவர் எங்கள் லேபுக்கு வருவதும் அரிது. அவர் வீட்டில் மனைவியைத்தான் டெஸ்ட்டுக்கு அனுப்புவார்கள்.

அப்புறம், உங்களிடம் நேராகவே கேட்கிறேன்: ஜிம்முக்குப் போகிறீர்களா? யாராவது ஊசி, மாத்திரை கொடுத்தார்களா? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் மூளை, இனி நாம் உத்தரவு போட வேண்டாம் என்று நிறுத்திவிடும். விந்தணு பூஜ்யம்வரை போகலாம். பார்க்க ஆணழகன், சாம்பிளில் ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் நிறுத்திய சில மாதங்களில் திரும்ப வந்துவிடும், ஆனால் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

அதுவும் இல்லையென்றால் யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு மருத்துவர்) காட்டி வெரிகோசீல் இருக்கிறதா என்று பாருங்கள். விதைப்பையின் ரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்வது அது. குழந்தையில்லை என்று வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்காவது இருக்கும், சரிசெய்யவும் முடியும். போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள், பூச்சிமருந்து, ஈயம், பெயிண்ட், உலைச்சூடு எதிலாவது புழங்குகிறீர்களா என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். நெரிசலான ஓ.பி.யில் அதை யாரும் கேட்க மாட்டார்கள்.